யானை ஏன் வந்தது?
ஆங்கிலத்தின் ஆறு சின்னச் சொற்கள்

ஒரு புதிர்

சித்தூர் மாவட்டத்தில் குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் இருப்பது ஆந்திரத்தில். ஒரு பக்கம் கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. இன்னொரு பக்கம் போனால் கர்நாடகம். இந்தப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து கேட்கும்.

குப்பத்துக்கு வடக்கே பலமநேர். இந்தப் பகுதியெங்கும் குன்றுகள், முட்புதர்கள், மூங்கில், காடு. காட்டை ஒட்டிக் கொல்லைகள். கொல்லையில் கேழ்வரகு விளையும். வேர்க்கடலை விளையும். தண்ணீர் இருந்தால் கரும்பும் தக்காளியும் வாழையும் விளையும்.

இந்தக் காட்டில் ஏறக்குறைய 200 ஆண்டுகள் யானையே இல்லை. நரி உண்டு. கரடி உண்டு. சிறுத்தை உண்டு. யானை மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே ஒரு பிள்ளை யானையைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குப் போக வேண்டும். அல்லது சர்க்கஸ் வர வேண்டும்.

1980-களின் நடுவில் ஒரு மாற்றம் வந்தது. காட்டு யானைகள் வந்தன. யாரும் அவற்றைக் கூப்பிடவில்லை. யாரும் ஓட்டி வரவும் இல்லை. வந்த யானைகள் திரும்பிப் போய்விடும் என்றுதான் ஊரார் நினைத்தார்கள். அவை போகவில்லை. தங்கிவிட்டன. குட்டியும் போட்டன.

1990-ல் அரசு அந்தக் காட்டைச் சரணாலயம் என்று அறிவித்தது. அதன் பெயர் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். பரப்பு 350 சதுர கிலோமீட்டருக்கும் மேல். கௌண்டின்யா என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயர். கைகல் என்று இன்னோர் ஆறும் உண்டு. இரண்டும் பாலாற்றோடு சேர்பவை. சில யானைகள் இன்னும் வடக்கே நடந்தன. திருப்பதி மலையைச் சேர்ந்த சேஷாசலம் காடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன.

200 ஆண்டுகள் இல்லாத யானை ஏன் வந்தது? காட்டைப் பற்றிப் படித்தவர்கள் பல விடைகள் சொல்கிறார்கள். ஆனால் இதுதான் விடை என்று அடித்துச் சொல்ல இன்றுவரை யாராலும் முடியவில்லை. யானையைக் கேட்டால் அது சொல்லாது.

இந்தப் புதிரை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஆறு சொற்களைக் கற்றுக்கொள்ளலாம். கேன், மே, மைட், மஸ்ட், ஷுட், ஷேல். ஆறும் சின்னச் சொற்கள். ஆனால் காட்டோரப் பலகையில் இவை இருக்கும். பேருந்தில் இருக்கும். வங்கித் தாளில் இருக்கும். அரசு விண்ணப்பத்தில் இருக்கும். இந்தச் சொல் மாறினால் முழுப் பொருளும் மாறிவிடும்.

முடியும், முடியாது: கேன்

முதல் சொல் கேன். சி, ஏ, என் என்ற மூன்று எழுத்துகள். 'முடியும்' என்று பொருள்.

யானைக்கு என்னென்ன முடியும்?

யானை நீந்த முடியும். தி எலிபன்ட் கேன் ஸ்விம். அத்தனை பெரிய உடம்போடு ஆற்றையும் ஏரியையும் நீந்திக் கடக்கும். தும்பிக்கையை மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும்.

யானை வெகு தூரத்து வாசனையை அறிய முடியும். தி எலிபன்ட் கேன் ஸ்மெல். பழுத்த பலாவும் வாழையும் எங்கே இருக்கின்றன என்று காற்று அதற்குச் சொல்லிவிடும்.

யானை குதிக்க முடியாது. தி எலிபன்ட் கேனாட் ஜம்ப். நான்கு கால்களையும் ஒரே சமயத்தில் தரையிலிருந்து எடுத்து அதனால் தாண்ட முடியாது. இதனால்தான் காட்டோரத்தில் அகழி வெட்டுகிறார்கள். ஆழமும் அகலமும் சரியாக இருந்தால் யானை அதைத் தாண்டாது. ஆனால் மழையில் கரை சரிந்தால் இறங்கி ஏறிவிடும். அகழியைப் பழுது பார்க்காமல் விட்டால் வெட்டிய கூலி வீண்.

கேன் என்பதோடு 'நாட்' சேர்த்தால் கேனாட். முடியாது என்று பொருள்.

இங்கே ஒரு வசதியைக் கவனியுங்கள். நான் என்றாலும் கேன்தான். நீ என்றாலும் கேன்தான். அவன், அவள், அது, அவர்கள் எல்லாவற்றுக்கும் கேன்தான். சொல் மாறுவதே இல்லை. ஆறு சொற்களுமே இப்படித்தான்.

இது புதிதா? இல்லை. தமிழிலும் இதே கதைதான். 'வருகிறேன், வருகிறாய், வருகிறார்கள்' என்று மற்ற வினைகள் மாறும். ஆனால் 'நான் வரலாம், நீ வரலாம், அவர்கள் வரலாம்' என்னும்போது 'வரலாம்' மாறுவதில்லை. 'முடியும்' மாறுவதில்லை. 'வேண்டும்' மாறுவதில்லை. நமக்கு ஏற்கெனவே தெரிந்த வழக்கம்தான் இது.

வரலாம்: மே

இரண்டாவது சொல் மே. எம், ஏ, ஒய் என்ற மூன்று எழுத்துகள். இது தமிழின் 'லாம்'.

யானை இன்று இரவு வரலாம். தி எலிபன்ட் மே கம் டுநைட்.

தெலுங்கு தெரிந்தவர்கள் இதை 'ராவச்சு' என்பார்கள். தமிழிலும் தெலுங்கிலும் இந்தப் பொருள் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். வர + லாம். ரா + வச்சு. ஆங்கிலத்தில் வால் இல்லை. பொருள் தனிச் சொல்லாக முன்னால் நிற்கும். மே முதலில், கம் பிறகு. இதுதான் முக்கியமான வேறுபாடு.

'யானை வரலாம்' என்றால் என்ன பொருள்? வந்தாலும் வரும். வராமலும் போகும். இரண்டுக்கும் இடம் உண்டு.

'நீங்கள் உள்ளே வரலாம்' என்றால் என்ன பொருள்? வர அனுமதி உண்டு என்று பொருள்.

பாருங்கள், 'லாம்' என்ற ஒரே வாலுக்கு இரண்டு வேலை. ஒன்று, நடக்கக்கூடும் என்ற ஊகம். மற்றொன்று, அனுமதி. ஆங்கிலத்தின் மே என்ற சொல்லுக்கும் இதே இரண்டு வேலைதான். யூ மே கம் இன் என்றால் அனுமதி. இட் மே கம் என்றால் ஊகம். இடத்தைப் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும்.

மே என்பதற்கு ஒரு தம்பி உண்டு. அதன் பெயர் மைட். எம், ஐ, ஜி, எச், டி என்று ஐந்து எழுத்துகள். நடுவிலுள்ள ஜி, எச் இரண்டும் எழுத்தில் இருக்கும், வாயில் வராது. மைட் என்றாலும் 'வரலாம்' என்றுதான் பொருள். ஆனால் நம்பிக்கை இன்னும் குறைவு. 'ஒருவேளை வந்தாலும் வரலாம்' என்று இழுத்துச் சொல்வோம் அல்லவா? அதுதான் மைட்.

தடம் பேசுகிறது: மஸ்ட்

காலையில் கொல்லைக்குப் போகிறீர்கள். கேழ்வரகு சாய்ந்து கிடக்கிறது. வாழை முறிந்து கிடக்கிறது. மண்ணில் பெரிய வட்டமான தடம். வேலி ஓரத்தில் லத்தி. யானையை நீங்கள் பார்க்கவில்லை. வேறு யாரும் பார்க்கவில்லை. அப்போது என்ன சொல்வீர்கள்?

'யானை வந்திருக்கலாம்' என்று சொல்லமாட்டீர்கள். அது போதாது. 'யானைதான் வந்திருக்க வேண்டும்' என்பீர்கள். கண்ணால் பார்க்காவிட்டாலும் சாட்சி அவ்வளவு வலுவாக இருக்கிறது.

இந்த 'வேண்டும்' ஆங்கிலத்தில் மஸ்ட். எம், யூ, எஸ், டி என்று நான்கு எழுத்துகள்.

யானைதான் வந்திருக்க வேண்டும். அன் எலிபன்ட் மஸ்ட் ஹேவ் கம்.

நடந்து முடிந்ததைப் பற்றிச் சொல்லும்போது இடையில் 'ஹேவ்' வரும். தமிழில் 'இருக்க' வருவதைப் போல. வர வேண்டும், வந்திருக்க வேண்டும். மஸ்ட் கம், மஸ்ட் ஹேவ் கம்.

தடத்திலிருந்து இன்னும் பல செய்திகள் தெரியும். யானையின் முன்கால் தடம் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். பின்கால் தடம் சற்று நீண்டிருக்கும். முன்கால் தடத்தின் விளிம்பைச் சுற்றி ஒரு கயிற்றை வையுங்கள். பிறகு கயிற்றை அளந்து பாருங்கள். அந்த அளவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் யானையின் தோள் உயரம். கயிறு 4 அடி இருந்தால் யானை சுமார் 8 அடி இருக்க வேண்டும். தட் எலிபன்ட் மஸ்ட் பி எய்ட் பீட் டால். யானையைப் பார்க்காமலே அதன் உயரத்தைச் சொல்லிவிடலாம்.

பெரிய தடத்தோடு சிறிய தடங்களும் இருந்தால்? அது குட்டிகளோடு வந்த கூட்டமாக இருக்க வேண்டும். கூட்டத்தை நடத்துவது வயதான பெண் யானை. ஒரே ஒரு பெரிய தடம் மட்டும் இருந்தால்? அது தனி ஆண் யானையாக இருக்கலாம். ஆண் யானை வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிடும். இங்கே 'லாம்' போதும். ஏனென்றால் கூட்டம் வேறு வழியில் போயிருக்கவும் இடம் உண்டு.

லத்தி சூடாக இருந்தால்? யானை பக்கத்தில்தான் இருக்க வேண்டும். அப்போது அளப்பதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆண் யானைக்குச் சில காலத்தில் மதம் பிடிக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் ஒழுகும். இதை ஆங்கிலத்தில் மஸ்த் என்பார்கள். இது வேறு சொல். மஸ்ட் என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இருக்க முடியாது: கேனாட்

ஊகத்தில் 'மஸ்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? பலர் மஸ்ட் நாட் என்று நினைப்பார்கள். அது தவறு. 'இருக்க வேண்டும்' என்பதற்கு எதிர் 'இருக்க முடியாது'. ஆங்கிலத்திலும் அப்படியே. மஸ்ட் என்பதற்கு எதிர் கேனாட்.

நம் புதிரில் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

'1980-களில் வந்த யானைகள் சின்ன வயதில் இங்கே வாழ்ந்தவை. அந்த நினைவில்தான் திரும்பி வந்தன' என்று ஒருவர் சொல்கிறார். இது சரியா?

யானை 60 அல்லது 70 ஆண்டுகள் உயிர் வாழும். இந்தக் காட்டில் யானை இல்லாமல் போய் 200 ஆண்டுகள் ஆகின்றன. அது மூன்று யானைகளின் ஆயுள். ஆகவே வந்த யானைகளில் ஒன்றுகூட இங்கே முன்பு வாழ்ந்திருக்க முடியாது. தே கேனாட் ஹேவ் லிவ்ட் ஹியர்.

இப்படிக் கணக்குப் போட்டு ஒரு விடையைத் தள்ளிவிடலாம். புதிரை அவிழ்க்கும்போது தள்ளுவதும் ஒரு வேலை.

இன்னொன்று. யானைகள் எங்கிருந்து வந்தன? பக்கத்தில் யானைக் கூட்டங்கள் இருந்த காடுகள் தமிழ்நாட்டின் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகள். அவற்றை ஒட்டிய கர்நாடகக் காடுகள். அங்கிருந்து பலமநேருக்கு வர வேண்டுமானால் நடுவில் என்ன இருக்கிறது? பெரிய நெடுஞ்சாலை இருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூரு போகும் ரயில் பாதை இருக்கிறது. ஊர்கள் இருக்கின்றன. வயல்கள் இருக்கின்றன. ஆகவே யானைகள் சாலையையும் தண்டவாளத்தையும் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். தே மஸ்ட் ஹேவ் கிராஸ்ட் தி ரயில்வே லைன். வேறு வழி இல்லை.

ஏன் வந்தது? நான்கு விடைகள்

இப்போது புதிரின் நடுப்பகுதிக்கு வருவோம். எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துவிட்டது. ஏன் வந்தன?

முதல் விடை, வறட்சி. 1982-ல் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்தது. ஒரு பெரிய யானைக்கு நாளொன்றுக்கு 150 கிலோ வரை தீனி வேண்டும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். காட்டுக் குட்டை வற்றினால் யானை நடக்கத் தொடங்கும். ஆகவே வறட்சியால் வந்திருக்கலாம். மே ஹேவ் கம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. வறட்சி அதற்கு முன்பும் பலமுறை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் ஏன் வரவில்லை? அதனால் இங்கே 'வந்திருக்க வேண்டும்' என்று சொல்ல முடியாது. 'லாம்' தான் சரி.

இரண்டாவது விடை, காடு சுருங்கியது. ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையில் சாலை வந்தது. கல் குவாரி வந்தது. பண்ணை வந்தது. ஆடு மாடுகள் மேய்ந்தன, விறகு வெட்டினார்கள். யானைக்கு இருந்த இடம் குறைந்தது. இதுவும் காரணமாக இருக்கலாம். இது ஒரே நாளில் நடந்தது அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. அதனால் இன்ன ஆண்டில் யானை கிளம்பியது ஏன் என்று இது மட்டும் சொல்லாது.

மூன்றாவது விடை, கூட்டம் பெருகியது. ஒரு வீட்டில் பிள்ளைகள் பெருகினால் சிலர் வெளியூர் போய்ப் பிழைப்பார்கள். யானைகளும் அப்படிப் புது இடம் தேடியிருக்கலாம்.

நான்காவது விடை, பயிர். காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகும் கரும்பும் யானைக்கு ருசி. ஒரு வயலிலிருந்து அடுத்த வயல், அங்கிருந்து அதற்கடுத்த வயல் என்று தின்றுகொண்டே வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் பயிர் 200 ஆண்டுகளாகவே இங்கே இருக்கிறது. அதனால் இது மட்டுமே காரணம் என்று சொல்வது கடினம். இங்கே மைட் போடலாம். மைட் ஹேவ் கம். நம்பிக்கை கொஞ்சம் குறைவு.

நான்கும் சேர்ந்தும் காரணமாக இருக்கலாம். அறிஞர்களும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்களுடைய அறிக்கைகளில் மே, மைட் என்ற சொற்கள் நிறைய வரும். அவர்களுக்குத் தெரியாது என்பதற்காக அல்ல. தெரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும் என்பதற்காக.

சீனாவிலும் ஒரு புதிர்

இந்தப் புதிர் நமக்கு மட்டும் உரியது அல்ல. சீனாவின் தெற்கே யுன்னான் என்று ஒரு மாநிலம் உண்டு. அங்கே 2020-ல் ஒரு யானைக் கூட்டம் தான் வாழ்ந்த காட்டை விட்டுக் கிளம்பியது. சுமார் 15 யானைகள். வடக்கே வடக்கே என்று நடந்தன. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நடந்து 2021 ஜூன் மாதம் குன்மிங் என்ற பெரிய நகரத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டன. வழியில் யானைகள் ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்துத் தூங்கும் படத்தை உலகமே பார்த்தது.

அரசு லாரிகளை நிறுத்தி வழியை அடைத்தது. தீனி போட்டு வேறு வழிக்குத் திருப்பியது. மக்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னது. 2021 ஆகஸ்ட் மாதம் யானைகள் திரும்பின.

அவை ஏன் கிளம்பின? தீனி குறைந்திருக்கலாம் என்றார்கள் சிலர். வழிநடத்திய யானை வழி தவறியிருக்கலாம் என்றார்கள் சிலர். அங்கேயும் உறுதியான விடை கிடைக்கவில்லை.

சொல் மாறினால் உயிர் போகும்

'லாம்' என்றால் என்ன, 'வேண்டும்' என்றால் என்ன என்று இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பது எதற்கு? ஓர் ஊரில் நடக்கக்கூடியதைப் பாருங்கள்.

காவல் பரணிலிருந்து இறங்கி வரும் தாத்தாவிடம் ஒரு பையன் கேட்கிறான்.

"தாத்தா, ராத்திரி யானை வந்துச்சா?"

"தெரியலப்பா. நாய் குரைச்சுது. வந்திருக்கலாம்."

பையன் டீக்கடையில் சொல்கிறான்: "யானை வந்திருக்கும்போல, அண்ணா." டீக்கடைக்காரர் செல்போனில் சொல்கிறார்: "யானை வந்திருச்சு." அடுத்த ஊரில் ஒருவர் சொல்கிறார்: "பத்து யானை வந்து நிக்குதாம்."

உடனே கூட்டம் கூடுகிறது. வேட்டு, தப்பட்டை, தடி. காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த யானையை நான்கு பக்கமும் சூழ்ந்துகொள்கிறார்கள். வழி தெரியாத யானை ஆள்மேல் பாய்கிறது. 'வந்திருக்கலாம்' என்ற சொல் வழியில் எங்கோ தொலைந்துபோனதுதான் காரணம்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். "நேத்துதான் யானை போச்சு. இன்னிக்கு வராது. நீங்க போங்க அக்கா" என்கிறார் ஒருவர். அவருக்கு எப்படித் தெரியும்? 'வராமல் இருக்கலாம்' என்பதுதான் உண்மை. 'வராது' என்பது அவருடைய ஆசை. அதை நம்பி விடியுமுன் தண்ணீர் பாய்ச்சப் போகும் பெண்ணின் உயிருக்கு யார் பொறுப்பு?

ஆகவே செய்தி கேட்டால் ஒரு கேள்வி கேளுங்கள். பார்த்தீர்களா? தடம் பார்த்தீர்களா? அல்லது ஊகமா? பார்த்திருந்தால் 'வந்தது'. தடம் இருந்தால் 'வந்திருக்க வேண்டும்'. ஊகம் என்றால் 'வந்திருக்கலாம்'. மூன்றையும் பிரித்துச் சொல்லுங்கள். வனத்துறைக்குப் போன் செய்யும்போதும் இப்படியே சொல்லுங்கள். அவர்கள் எங்கே ஆள் அனுப்புவது என்று சரியாக முடிவு செய்வார்கள்.

பலகையைப் படியுங்கள்: மஸ்ட் நாட், ஷுட்

மஸ்ட் என்பதற்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று ஊகம், அதைப் பார்த்தோம். மற்றொன்று கட்டாயம். தமிழின் 'வேண்டும்' போலவே. 'யானை வந்திருக்க வேண்டும்' என்பது ஊகம். 'நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும்' என்பது கட்டாயம்.

கட்டாயம் என்ற பொருளில் மஸ்ட் நாட் என்றால் 'கூடாது'. தெலுங்கில் 'ராகூடது' என்பதைப் போல. யூ மஸ்ட் நாட் என்டர் என்று காட்டோரப் பலகையில் இருந்தால் 'நுழையக் கூடாது' என்று பொருள். இது ஆலோசனை அல்ல. தடை.

இதைவிட மென்மையான சொல் ஷுட். எஸ், எச், ஓ, யூ, எல், டி என்று ஆறு எழுத்துகள். நடுவிலுள்ள எல் வாயில் வராது. 'செய்வது நல்லது' என்று பொருள். பெரியவர்கள் புத்தி சொல்வது போல.

யானை நடமாடும் ஊரில் இருப்பவர்களுக்குச் சில வாக்கியங்கள்:

இரவில் தனியாகப் போகாமல் இருப்பது நல்லது. இது ஷுட் நாட்.

கையில் டார்ச் விளக்கு வைத்துக்கொள்வது நல்லது. இது ஷுட்.

யானையின் அருகே போய்ப் படம் எடுக்கக் கூடாது. இது மஸ்ட் நாட்.

குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகக் கூடாது. இதுவும் மஸ்ட் நாட்.

வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சக் கூடாது. இது மிகப் பெரிய மஸ்ட் நாட். அந்தக் கம்பியில் யானை மட்டும் சாவதில்லை. மாடும் சாகும். இருட்டில் வரும் பக்கத்துக் கொல்லைக்காரரும் சாவார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானையைக் கொல்வது பெரிய குற்றம்.

அரசு அனுமதிக்கும் சூரிய மின்வேலி வேறு. அதில் மின்சாரம் விட்டு விட்டு வரும். யானைக்குச் சுரீர் என்று அடிக்கும், கொல்லாது.

விண்ணப்பத்தைப் படியுங்கள்: ஷேல்

ஆறாவது சொல் ஷேல். எஸ், எச், ஏ, எல், எல் என்று ஐந்து எழுத்துகள். பேச்சில் இது அதிகம் வராது. ஆனால் சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் அரசு ஆணையிலும் அடிக்கடி வரும். அங்கே அதற்குப் பொதுவாகக் 'கட்டாயம்' என்று பொருள்.

பயிர் சேதமானால் நிவாரணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆள் இறந்தாலும் காயம் பட்டாலும் விண்ணப்பிக்கலாம். தாள் ஆங்கிலத்தில் இருந்தால் யாராவது படித்துச் சொல்வார்கள். அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "ஐயா, இந்த இடத்தில் மே இருக்கிறதா? ஷேல் இருக்கிறதா?"

மே பி பெய்ட் என்று இருந்தால் 'பணம் கொடுக்கப்படலாம்' என்று பொருள். கொடுப்பது அவர்கள் முடிவு. ஷேல் பி பெய்ட் என்று இருந்தால் 'பணம் கொடுக்கப்பட வேண்டும்' என்று பொருள். அது உங்கள் உரிமை.

'விண்ணப்பதாரர் ஷேல்' என்று தொடங்கினால் அது நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. 'விண்ணப்பதாரர் மே' என்று தொடங்கினால் அது உங்கள் விருப்பம். ஒரு நிலத்தை அடகு வைக்கும் பத்திரத்திலும் இதைப் பாருங்கள். கடன் வாங்கும் தாளிலும் பாருங்கள். முழுத் தாளும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த இரண்டு சொற்களை விரல் வைத்துத் தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

புதிர் இன்னும் இருக்கிறது

யானைகள் வந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. யானைக்கு மாவட்ட எல்லை தெரியாது. மாநில எல்லையும் தெரியாது. கௌண்டின்யா காடு நீளமானது. ஆனால் ஒடுக்கமானது. எந்தப் பக்கம் நடந்தாலும் சீக்கிரத்தில் வயல் வந்துவிடும். அதனால் சண்டை தீரவில்லை. பயிரும் போகிறது. மனித உயிரும் போகிறது. யானைகளும் சாகின்றன. 2025-ல் கர்நாடகம் பயிற்சி பெற்ற கும்கி யானைகளை ஆந்திரத்துக்குக் கொடுத்தது. காட்டு யானைகளைத் திருப்பி விரட்ட அவை உதவும்.

யானை ஏன் வந்தது என்பது தெரிந்தால் என்ன பயன்? தீனி இல்லாமல் வந்தது என்றால் காட்டில் தீனியும் குட்டையும் வேண்டும். வழி அடைபட்டதால் வந்தது என்றால் வழியைத் திறக்க வேண்டும். கூட்டம் பெருகியதால் வந்தது என்றால் அதற்கு வேறு வழி தேட வேண்டும். நோய் தெரிந்தால்தான் மருந்து கொடுக்க முடியும். அதனால்தான் அறிஞர்கள் இன்னும் தேடுகிறார்கள்.

இந்தத் தேடலில் உங்களுக்கும் பங்கு உண்டு. எந்த நாள், எந்த வழி, எத்தனை தடம், என்ன பயிர் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊர் ஊராக இப்படி எழுதி வைத்தால் இன்றைய 'லாம்' ஒரு நாள் 'வேண்டும்' ஆகலாம்.

நினைவில் வைக்க

கேன்: முடியும்.
கேனாட்: முடியாது, இருக்க முடியாது.
மைட்: ஒருவேளை நடக்கலாம்.
மே: நடக்கலாம், செய்யலாம்.
மஸ்ட்: இருக்க வேண்டும், செய்ய வேண்டும்.
மஸ்ட் நாட்: செய்யக் கூடாது.
ஷுட்: செய்வது நல்லது.
ஷேல்: சட்டப்படி செய்ய வேண்டும்.

பயிற்சி

1. கொல்லையில் வாழை முறிந்திருக்கிறது. தடம் இல்லை. லத்தி இல்லை. இரவு பெருங்காற்று அடித்தது. 'யானை வந்திருக்க வேண்டும்' என்று சொல்லலாமா? எந்தச் சொல் பொருந்தும்?

2. முன்கால் தடத்தைச் சுற்றி வைத்த கயிறு நாலரை அடி. யானையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்?

3. உங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு தாளை எடுங்கள். மின்சார ரசீது, வங்கித் தாள், எதுவானாலும் சரி. அதில் மே, மஸ்ட், ஷேல் என்ற சொற்கள் எத்தனை முறை வருகின்றன? கோடு போட்டு எண்ணுங்கள்.

4. யானை ஏன் வந்தது? உங்கள் விடையை 'லாம்' போட்டு எழுதுங்கள். அதை ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.